மணி அடித்தால் எரியும் விளக்கு

அத்தியாயம் 7

குடிவந்து நாற்பது நாளாகியும் இந்த வீடு அவளுக்குப் பிடிகொடுக்கவில்லை.

உள்கதவுகள் எல்லாவற்றிலும் ஆள் முகம் தெரியும் உயரத்தில் கண்ணாடிச் சில் பதித்திருந்தது. படுக்கையறைக் கதவில்கூட. குளியலறை ஒன்றுதான் தப்பியது. ஒவ்வொரு அறையிலும் கூரையை ஒட்டி ஒரு சிவப்பு விளக்கு. எந்த சுவிட்சைப் போட்டாலும் எரியாது. சமையலறையில் அடுப்புக்கு மேலே, தலை சீவவும் உதவாத உயரத்தில், முன்பக்கம் சாய்த்து ஒரு முகக்கண்ணாடி. நடு அறைக்கு மட்டும் சிமெண்ட் தரைமேல் மரப்பலகை.

"முன்னாடி இருந்தவங்க யாரையோ வேவு பாத்திருக்காங்க" என்று கணவன் சிரித்தான். லிஃப்ட் மெக்கானிக்கான அவனுக்கே அந்தச் சிவப்பு விளக்குகளின் ஒயர் எங்கிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை.

முன்பு இருந்தவர்களின் பெயருக்குத் தபால் வந்துகொண்டிருந்தது. தபால்காரரிடம் அவள் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பியதும், போன வாரம் அதற்குப் பதில் வந்ததும் வாசகர்களுக்குத் தெரியும். 'அந்த வீட்டில் பிறந்தவள் நான். செவ்வாய்க்கிழமை வரலாமா?' என்று இரண்டே வரி.

இன்று செவ்வாய். மருந்துக்கடையில் அவளுக்கு வார விடுமுறை.

மாமனார் வீட்டைவிட்டுக் கிளம்பும் நாளும் இன்றுதான்.

நாற்பது வருடம் நூல் மில்லில் மெக்கானிக்காக இருந்தவர். மனைவி இறந்து ஒரு வருடமாக மகனோடு இருக்கிறார். இரண்டு வாரத்துக்கு முன்னால், "அடுப்புல பால் இருக்கு, பாத்துக்கோங்க மாமா" என்று சொல்லிவிட்டு அவள் மாடிக்குப் போனாள். பால் பொங்கி, தீய்ந்து, பாத்திரம் கருகியது. அவர் நாலடி தள்ளி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "ஒரு பாலைக்கூட பாத்துக்க முடியாதா?" என்று அவர் முகத்துக்கு நேரே அவள் வாய் தவறிக் கேட்டுவிட்டாள். அதற்கு அடுத்த நாள், "நான் தனியா ரூம் பாத்துக்கறேன்" என்றார். மில்லுக்குப் பக்கத்தில் ஓர் அறையும் பார்த்துவிட்டார்.

"போகட்டும் விடு" என்றான் கணவன். அப்பா விஷயத்தில் அவன் கல்லாகி ஒரு வருடம் ஆகிறது. ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்கமாட்டான். "அஞ்சு மணிக்கு வண்டி கொண்டு வரேன். மூட்டை முடிச்சை எல்லாம் ரெடியா வெச்சிருக்கச் சொல்லு."

காலையில் அவர் நடு அறையில் ஜன்னலைப் பார்த்து நின்று சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். அவள் வாசற்படியில் நின்றாள்.

"மாமா, போகாதீங்க."

அவர் ஒரு பொத்தானைப் போட்டார்.

"நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. போகாதீங்க மாமா."

சட்டைக் கையை மடித்து, நீவி, பெட்டியில் வைத்தார்.

மூன்றாவது தடவையும் சொன்னாள். அவர் அடுத்த சட்டையை எடுத்தார். அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மகன் கூப்பிட்டால் மட்டும் திரும்புகிறார். மருமகள் குரல் என்றால் காற்று. சரி, எத்தனை தடவைதான் கெஞ்சுவது?

*

பதினொரு மணிக்கு வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தபோது, அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி அவளைப் பார்க்காமல், அவள் தலைக்குமேல் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எரியலையே" என்றார்.

"எதும்மா?"

"சிவப்பு லைட்டு. மணி அடிச்சா எரியணும். எல்லா ரூம்லயும்." சொல்லிவிட்டுத்தான் சிரித்தார். "மன்னிச்சுக்கோம்மா. பழக்க தோஷம். லெட்டர் போட்டது நான்தான்."

கணீரென்று ஒரு குரல். எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இருக்கிறதே என்றாள் அவள்.

"ரயில்வே ஸ்டேஷன்ல கேட்டிருப்பே. இத்தனை மணிக்கு வரவேண்டிய வண்டி இத்தனை மணி நேரம் லேட்டுன்னு முப்பது வருஷம் சொன்னவ நான். ஊர்ப்பட்ட திட்டெல்லாம் எனக்குத்தான்."

செருப்பை ஓரமாக விட்டுவிட்டு உள்ளே வந்தார் அறிவிப்புக்காரம்மா. முதல் கதவுக்குப் போய், கண்ணாடிச் சில்லைப் புடவைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்தார்.

"எங்க அப்பா தச்சர். எல்லாம் அவர் கைவேலை. அம்மாவுக்குத் தையல். ரெண்டு பேருக்குமே பொறந்ததிலேர்ந்து காது கேக்காது, பேச்சும் வராது. கதவைச் சாத்திக்கிட்டா உள்ளே யார் இருக்கான்னு எப்படித் தெரியும்? தட்டினா கேக்காது. அதான் எல்லாக் கதவுலயும் கண்ணாடி."

அவள் சுற்றிலும் இருந்த கதவுகளைப் பார்த்தாள். நாற்பது நாளாக வேடிக்கையாகத் தெரிந்த வீடு ஒரே நொடியில் வேறு வீடாகிவிட்டது.

"அப்போ அந்த முகக்கண்ணாடி?"

"அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்னா முதுகுப் பக்கம் யார் வராங்கன்னு தெரியாதில்ல? திடுக்குன்னு தோளைத் தொட்டா பயந்துருவாங்க. ஒரு தடவை கரண்டியாலயே அப்பாவை அடிச்சிட்டாங்க. மறுநாளே அப்பா கண்ணாடி மாட்டிட்டார்."

இருவரும் சிரித்தார்கள்.

"வீட்டுல சத்தமே இருந்திருக்காதில்ல?"

"யார் சொன்னா? பாத்திரத்தை உருட்டினா அவங்களுக்கா தெரியும்? எங்க வீடு மாதிரி சத்தமான வீடு தெருவுலயே கிடையாது. சண்டையும் அப்படித்தான். கையாலயே சண்டை போடுவாங்க, பாக்கற எனக்கு மூச்சு வாங்கும். அம்மா தோக்கற மாதிரி இருந்தா எழுந்து போய் லைட்டை அணைச்சிருவாங்க. இருட்டுல கை தெரியாதே! அப்பா என்ன சொன்னாலும் செல்லாது. அதோட சண்டை முடிஞ்சுது."

சொல்லும்போது அவருடைய இரண்டு கைகளும் தம்பாட்டுக்கு அசைந்தன. இல்லாத இருவருக்கும் சேர்த்துச் சொல்வதுபோல.

"ஸ்கூல்ல டீச்சர் அம்மா அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினாங்க. 'உங்க பொண்ணு வாயாடி, சேட்டை, பக்கத்துல இருக்கறவளையும் கெடுக்குறா'ன்னாங்க. அவங்களுக்குச் சொல்ல வேண்டியவ நான்தானே? 'வகுப்புலேயே நான்தான் கெட்டிக்காரின்னு சொல்றாங்க'ன்னு கையால சொன்னேன். அப்பா டீச்சர் முகத்தையே கொஞ்ச நேரம் பாத்தார். வெளியில வந்ததும் காதைப் பிடிச்சுத் திருகினார் பாரு!"

நடு அறை வாசலுக்கு வந்துவிட்டார்கள். மாமனார் இன்னும் ஜன்னல் பக்கம் திரும்பித்தான் நின்றிருந்தார். பெட்டி முக்கால்வாசி நிறைந்திருந்தது.

"மாமா, இந்த வீட்டுல முன்னாடி இருந்தவங்க வந்திருக்காங்க."

அவர் திரும்பவில்லை.

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. வந்தவர் முன்னால் இப்படியா? தாழ்ந்த குரலில், "கோபமா இருக்கார்மா. சாயங்காலம் வீட்டைவிட்டுப் போறார். ரெண்டு வாரமா என்கிட்ட பேச்சுவார்த்தை இல்ல" என்றாள்.

அறிவிப்புக்காரம்மா ஓரடி முன்னால் வந்தார். மாமனாரின் முதுகையே பார்த்தார். பிறகு பலகைத் தரையில் குதிகாலால் 'தொம் தொம்' என்று இரண்டு தட்டுத் தட்டினார்.

மாமனார் சட்டென்று திரும்பினார்.

அறிவிப்புக்காரம்மா சுற்றிக்கொண்டு போய், ஜன்னல் வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற மாதிரி நின்றார். குரலைக் கொஞ்சம் தணித்து, அவசரப்படாமல், "வணக்கம்ங்க. நான் இந்த வீட்டுப் பொண்ணு. இங்கதான் பொறந்தேன்" என்றார்.

"இந்த வீட்டுப் பொண்ணா!" மாமனாரின் முகம் மலர்ந்தது. "வாங்க, வாங்க. உட்காருங்க. நல்லா கட்டின வீடுங்க இது. இந்தப் பலகை யார் அடிச்சது? ஒரு ஆணி தலை தூக்கல பாருங்க. எங்க மில்லுல மெஷினுக்கு அடியில பலகை போடுவோம், ஆறு மாசத்துல ஆட ஆரம்பிச்சிரும்..."

கால் மணி நேரம் பேசினார். மில், மெஷின், மெஷினுக்கு அடியில் சிக்கிய மேஸ்திரியின் வேட்டி. அவள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை பேச்சு இவருக்குள் எங்கே இருந்தது?

*

சமையலறைக்கு வந்ததும் அறிவிப்புக்காரம்மா கேட்டார்: "எவ்வளவு நாளா?"

"கோபமாம்மா? ரெண்டு வாரமா."

"கோபம் இல்லம்மா. காது."

டீ டம்ளரை அவள் அப்படியே மேடையில் வைத்தாள்.

"அவருக்குக் கேக்கல. பலகையில நான் தட்டின அதிர்வு காலுக்குத் தெரிஞ்சுதான் திரும்பினார், அப்பா அங்க பலகை போட்டதே அதுக்குத்தான். நான் பேசினப்போ என் உதட்டைத்தான் பாத்தார். அப்புறம் என்னைப் பேசவே விடல, கவனிச்சியா? தான் பேசிக்கிட்டே இருந்தா அடுத்தவங்க பேசறதைக் கேக்க வேண்டியதில்ல பாரு. நிறைய பேர் அப்படிச் சமாளிப்பாங்க."

"ஆனா எங்க வீட்டுக்காரர் கூப்பிட்டா திரும்பறாரே!"

"அவருக்குக் கட்டைக் குரலா?"

"ஆமா. பீப்பாய்க்குள்ளேர்ந்து வர மாதிரி."

"அது கொஞ்சம் கேக்கும். முதல்ல போறது பொம்பளைங்க குரலும் குழந்தைங்க குரலும்தான்."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பால் பொங்கிய அன்று மாடிப்படியில் ஏறிக்கொண்டே அல்லவா சொன்னாள்! 'தாத்தாவுக்கு என்னைப் பிடிக்கல' என்று மகள் குருவி அழுதாளே! கீச்சுக்குரல் என்று அவர்தானே பேத்திக்கு அந்தப் பெயரை வைத்தார்! டி.வி. பார்ப்பதை விட்டார், போன் எடுப்பதை விட்டார். வயசானால் இப்படித்தான் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

"நூல் மில்லுல நாப்பது வருஷம்மா" என்றாள் மெதுவாக. "கடையில காது மெஷினுக்கு தினம் நாலு பேருக்கு பேட்டரி எடுத்துக் குடுக்கறேன். என் வீட்டுல இருக்கிறவருக்கு என்னன்னு எனக்குத் தெரியலையே."

"தன்னைத் திட்டிக்க இது நேரமில்ல. டீயைக் குடி. அஞ்சு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு."

கிளம்பும்போது அறிவிப்புக்காரம்மா ஒரு கதவுக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து, ஒரு நிமிடம் அப்படியே நின்றார்.

*

மூன்றரை மணி. மாமனார் பெட்டிக்குப் பூட்டுத் தேடிக்கொண்டிருந்தார். அவள் ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, உங்களுக்குக் காது கேக்கலையா?"

"யார் சொன்னது? எல்லாம் நல்லா கேக்குது."

அவள் கையால் வாயை மூடிக்கொண்டு மூன்று வார்த்தை சொன்னாள். பிறகு கையை எடுத்து, "என்ன சொன்னேன்?" என்றாள்.

அவர் கண்கள் அலைந்தன. "டீ வேணுமான்னு கேட்டே."

"போகாதீங்க மாமா, இருங்கன்னு சொன்னேன். காலையிலயும் இதைத்தான் சொன்னேன். மூணு தடவை சொன்னேன்."

கையிலிருந்த பூட்டோடு அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"மூணு தடவையா?"

"மூணு தடவை."

"இவ ஒரு வார்த்தை இருங்கன்னு சொல்லலையேன்னு நினைச்சிட்டே பெட்டி கட்டினேம்மா."

அவள்தான் முதலில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு நாளா மாமா?"

"ரெண்டு, ரெண்டரை வருஷம் இருக்கும். மில்லை விடறதுக்கு முன்னாடியே கொஞ்சம் மந்தம்தான். அப்புறம் அடைச்சிட்டே வந்துது."

"ஏன் எங்ககிட்ட சொல்லல? அத்தைக்குத் தெரியுமா?"

அவர் தரையைப் பார்த்தார். அவள் எழுந்து அவர் கையைத் தொட்டு, தன் முகத்தைப் பார்க்க வைத்தாள்.

"அவளுக்குத் தெரியும். நான் திரும்பக் கேட்டா சத்தமா சொல்லுவா. அவளே எனக்குக் காதா இருந்துட்டா. யாருக்கும் தெரியாம போயிடுச்சு." கையிலிருந்த பூட்டைக் கட்டில்மேல் வைத்தார். "ஆஸ்பத்திரியில கடைசி நாள். அவளுக்குக் குரலே இல்ல, காத்துதான் வந்துது. என் கையைப் பிடிச்சு என்னவோ சொன்னா. குனிஞ்சு பாத்தேன். மூக்குல குழாய், உதடும் சரியா தெரியல. மறுபடி சொல்லுன்னு கேக்க மனசு வரல. அவ்வளவு கஷ்டப்பட்டுச் சொல்லியிருக்காளே. சரி சரின்னு தலையாட்டிட்டேன். அவளும் கண்ணை மூடிட்டா."

வெளியே ஏதோ வண்டி போனது. அவர் தொடர்ந்தார்.

"என்ன சொன்னான்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது. இவன் அந்தப் பக்கம் நின்னுட்டிருந்தான். இவனுக்குக் கேட்டிருக்கும். ஆனா எப்படிக் கேக்கறது? உங்கம்மா கடைசியா சொன்னது எனக்குக் கேக்கலடான்னு எந்த வாயால சொல்லுவேன்?"

அவள் அவருடைய கையை விடவில்லை.

*

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே கணவன் வந்துவிட்டான். குருவி பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருந்தாள். "எல்லாம் ரெடியா?" என்று கேட்டபடி பெட்டியைத் தூக்கக் குனிந்தான்.

"கொஞ்சம் உட்காருங்க" என்றாள் அவள். "மாமா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"வண்டி நிக்குது."

"நிக்கட்டும்."

அந்தத் தொனியில் அவள் பேசி அவன் கேட்டதில்லை. உட்கார்ந்தான்.

மாமனார் இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார். பிறகு ஒரே மூச்சில் கேட்டார்: "உங்கம்மா கடைசியா என்னடா சொன்னா?"

அவன் முகம் இறுகியது. "என்னப்பா கேள்வி இது? உங்ககிட்டதானே சொன்னாங்க. நீங்கதானே தலையாட்டினீங்க?"

"எனக்குக் கேக்கலடா. எனக்குக் காது போயிடுச்சு. அன்னிக்கே கேக்கல."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அவன் மறுபடி அப்பாவைப் பார்த்தான். எத்தனையோ மாடிக் கட்டடங்களில் லிஃப்டுக்குள் சிக்கிய ஆட்களைப் பதறாமல் வெளியே எடுப்பவனுக்கு, இப்போது கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அம்மா..." நாற்காலியை அப்பா பக்கம் இழுத்துக்கொண்டான். "பாப்பாவைக் கூப்பிட்டுப் பேசுங்க, கோபத்தை விட்டுடுங்கன்னு சொன்னாங்கப்பா."

பாப்பா அவனுடைய தங்கை. அப்பாவின் விருப்பத்தை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு கடல் தாண்டிப் போனவள். ஆறு வருடமாக அப்பாவோடு பேச்சில்லை. அம்மா இறந்தபோதும் அவளால் வந்துசேர முடியவில்லை.

"நீங்க சரின்னு தலையாட்டினீங்க. ஆனா கூப்பிடவே இல்ல. அம்மா போன பதினாறாம் நாள் பாப்பாவே உங்களுக்குப் போன் பண்ணினா. மூணு தடவை பண்ணினா. மூணு தடவையும் யாருங்க, தப்பான நம்பர்னு சொல்லி வெச்சீங்களாம். 'என் குரலைக் கேட்டதும் அப்பா வெச்சிடறாருண்ணா'ன்னு என்கிட்ட அழுதா. அம்மாகிட்ட தலையாட்டிட்டு இப்படியும் ஒரு மனுஷன் பண்ணுவாரான்னு..."

"பாப்பாவா அது?" மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஏதோ பொம்பளைக் குரல், இரைச்சலா இருந்துது. பாங்க்லேர்ந்து கூப்பிடறாங்கன்னு நினைச்சேண்டா. அவளா கூப்பிடுவான்னு நானும் காத்துட்டுதானே இருந்தேன்."

மகன் எழுந்து வந்து அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டான். "ஒரு வருஷமா உங்க முகத்தைப் பாத்துப் பேசலையேப்பா நான்" என்றான். முகம் அப்பாவின் தோளில் புதைந்திருந்ததால் அது அவருக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் அவர் மகனின் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

அவள் வெளியே போய் வண்டிக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்தாள். திரும்பி வந்தபோது மாமனார் மகனின் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நம்பரைப் போடச் சொன்னேன்" என்றார் மருமகளிடம். "நான் பேசறேன். அவ சொல்றதை நீ கேட்டு எனக்குச் சொல்லு."

"நானா மாமா? உங்க மகன் குரல்னா கொஞ்சம் கேக்குமே."

"அவன் அழுதுட்டிருக்கான். நீ சொல்லு."

அவர் எதிரில், வெளிச்சம் தன்மேல் விழும்படி உட்கார்ந்து, போனைக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் மணி போய்க்கொண்டே இருந்தது. மாமனார் அவள் முகத்தைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"சொல்லுண்ணா" என்றது ஒரு தூக்கக் குரல். அங்கே என்ன நேரமோ!

அவள் தலையசைத்துக் காட்டிவிட்டு, போனை அவர் வாயருகே நீட்டினாள்.

"பாப்பா" என்றார் அவர். "அப்பா பேசறேன்டா."

அவள் போனைத் திரும்பக் காதுக்குக் கொண்டுபோனாள். அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"என்னம்மா சொல்றா?"

"ஒண்ணும் சொல்லல மாமா. அழறாங்க."

அந்தச் சின்னக் கருவியையும் மருமகளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெச்சிட்டாளா?"

"இல்ல மாமா" என்றாள். "வைக்கல."